சபைப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு: தாழ்மையை ஏற்பாடாக அமைப்பது எப்படி

நீங்கள் இந்த ஆண்டு ஆலயக் குழுத் தேர்தலில் வென்று செயலராகவோ பொருளராகவோ வந்திருக்கலாம். வியாசர்பாடியிலோ கொடுங்கையூரிலோ மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டுச் சிறிய சபை ஒன்றை நடத்தும் பாஸ்டராக இருக்கலாம். பெரம்பூரில் பங்குப் பேரவை உறுப்பினராகவோ, ராயபுரத்தில் வாலிபர் ஐக்கியத்தின் தலைவராகவோ இருக்கலாம். பொறுப்பு எதுவானாலும், முதல் வாரத்திலேயே யாராவது ஒரு பெரியவர் உங்களிடம் "தாழ்மையாய் நடந்துகொள், தம்பி" என்று சொல்லியிருப்பார். நல்ல புத்திமதிதான். ஆனால் அதை எப்படிச் செய்வது என்று அவர் விளக்கியிருக்க மாட்டார். அந்த "எப்படி" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாழ்மையை நாம் பெரும்பாலும் பேச்சில் தேடுகிறோம். மெல்லிய குரலில் பேசி, எல்லோரையும் "ஐயா, அம்மா" என்று அழைத்து, தன்னை "அடியேன்" என்றே குறிப்பிட்டுக்கொண்டு, ஆனால் கணக்கு நோட்டை மட்டும் ஒருவர் கண்ணிலும் காட்டாத தலைவர்கள் உண்டு. துறைமுகத்தில் வேலை பார்த்துக் குரல் தடித்துப்போன, கோபம் சட்டென்று வந்துவிடுகிற, ஆனால் தன் முடிவைத் தவறு என்று சொல்லும் இளைஞனைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுவதும் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுகிற மூப்பர்களும் உண்டு. வேதாகமம் காட்டும் தாழ்மை இந்த இரண்டாமவரிடமே இருக்கிறது. உங்களைக் கேள்வி கேட்க யாருக்கு வழி இருக்கிறது, உங்கள் கையில் இருக்கும் பணத்தை வேறு யார் எண்ணுகிறார்கள், நீங்கள் போனபின் சாவி யாரிடம் போகும் என்பவற்றையெல்லாம் நீங்களே முன்வந்து ஒழுங்குசெய்து வைப்பதுதான் ஒரு தலைவருக்குரிய தாழ்மை.

முதலில் வாசிக்க வேண்டியவை

குழுவின் முதல் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலுக்குப் போகுமுன் மாற்கு 10-ஆம் அதிகாரம் 35 முதல் 45 வரையுள்ள வசனங்களைச் சத்தமாக வாசியுங்கள். இயேசு எருசலேமுக்குப் போகும் வழியில், தாம் கொலைசெய்யப்படப் போவதை மூன்றாம் முறையாகச் சீஷர்களுக்குச் சொல்லி முடித்திருக்கிறார். அந்த நேரத்தில் செபெதேயுவின் குமாரரான யாக்கோபும் யோவானும் வந்து, உம்முடைய மகிமையிலே எங்களில் ஒருவன் உமது வலது பக்கத்திலும் ஒருவன் இடது பக்கத்திலும் உட்கார வேண்டும் என்று கேட்கிறார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் எரிச்சல் வருகிறது. இந்த எரிச்சலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பத்துப் பேரும் பதவி ஆசை இல்லாதவர்களாக இருந்ததனால் எரிச்சலடைந்தார்கள் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் தங்களில் யார் பெரியவன் என்று அவர்கள் எல்லோரும் வழியில் வாக்குவாதம் பண்ணியதை மாற்கு முந்தின அதிகாரத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். தாங்கள் கேட்க நினைத்ததை இருவர் முந்திக்கொண்டு கேட்டுவிட்டார்கள் என்ற கோபமாகவே அது தெரிகிறது. "அவருக்குப் பதவி ஆசை" என்று நாம் யாரைக் குறித்தாவது கொதிக்கும்போது, அந்தப் பத்துப் பேரில் நாமும் ஒருவரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

புறஜாதியாரின் அதிகாரிகள் இறுமாப்பாய் ஆளுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது" என்கிறார் இயேசு. பெரியவனாக விரும்புவதை அவர் தடைசெய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்குரிய வழி பணிவிடை என்கிறார். அடுத்த மாதங்களில் யோவான் 13-இல் கால் கழுவிய பகுதியையும், பிலிப்பியர் 2-ஐயும், 1 பேதுரு 5-இன் முதல் ஐந்து வசனங்களையும், ஒரே பக்கத்தில் முடிந்துவிடும் 3 யோவானையும் வாசிக்கலாம். அந்தக் கடைசி நிருபத்தில் வரும் தியோத்திரேப்பு, சபையில் முதன்மையாயிருக்க விரும்பினவன்; வந்த சகோதரரை ஏற்றுக்கொள்ளாமல், ஏற்றுக்கொள்ள மனதாயிருந்தவர்களையும் சபைக்குப் புறம்பாக்கினவன். வாசித்தபின் குழுவில் வயதில் இளையவர் முதலில் பேசட்டும். தலைவர் கடைசியாகப் பேசட்டும். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பது கூட்டங்களில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும்.

காணிக்கை

தாழ்மைக்கும் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியைப் பார்க்க வேண்டும். எருசலேமிலிருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்காகச் சபைகளில் சேர்த்த தர்மப்பணத்தைப் பவுல் தனியாக எடுத்துக்கொண்டு போகவில்லை. தீத்துவையும், சபைகளால் தெரிந்தெடுக்கப்பட்ட ஒரு சகோதரனையும், பலமுறை சோதித்து அறியப்பட்ட இன்னொருவரையும் உடன் சேர்த்தார். இவ்வளவு பெரிய தொகையைக் குறித்து ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு அப்படிச் செய்ததாகவும், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுவதாகவும் அவரே காரணம் சொல்கிறார். பவுலை விடவா நம் பாஸ்டரும் பொருளரும் நம்பிக்கைக்குரியவர்கள்?

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1742-இல் சென்னைக்கு வந்து வேப்பேரியில் ஊழியம் செய்த யோகான் பிலிப் பப்ரீசியுஸ் என்ற ஜெர்மன் மிஷனரி, ஏறக்குறைய அரை நூற்றாண்டு இங்கேயே உழைத்து, 1791-இல் இங்கேயே மறைந்தவர். வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தார், ஞானப்பாட்டுகளைத் தந்தார், 1779-இல் வேப்பேரியில் அச்சான தமிழ் ஆங்கில அகராதியைத் தொகுத்தார். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் இன்றும் ஒரு பள்ளி நடக்கிறது. எளிமையாக வாழ்ந்தவர் என்று அவரைக் குறித்து எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவர், பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து, வாங்கியவர்கள் திருப்பித் தராததால், முதிர்ந்த வயதில் கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் பேராசைக்காரர் அல்லர். பணம் ஒரு மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இருந்தது. அதுவே போதுமான ஆபத்தாயிற்று. "எங்கள் பாஸ்டர் ரொம்ப நல்லவர், கணக்கு எதற்கு" என்று சொல்லும் விசுவாசிகள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையை ஆலயத்துக்குள்ளேயே, கதவு திறந்திருக்க, ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணட்டும். பாஸ்டரும் அவர் வீட்டாரும் எண்ண வேண்டாம். ஐநூறு, இருநூறு, நூறு என்று தாள்வாரியாகவும் சில்லறையாகவும் நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, திங்கட்கிழமையே வங்கியில் கட்டிவிடுங்கள். வங்கிக் கணக்கு சபையின் பெயரில், இருவர் கையெழுத்தில் இயங்க வேண்டும். இப்போது பல சபைகளில் வாசற்படி அருகே ஒட்டியிருக்கும் க்யூஆர் ஒட்டுத்தாளை ஒருமுறை நீங்களே ஸ்கேன் செய்து பாருங்கள். திரையில் சபையின் பெயர் வருகிறதா, பாஸ்டரின் அல்லது அவர் மகனின் பெயர் வருகிறதா? தனிப்பெயர் வந்தால் அந்த வாரமே மாற்றுங்கள். அறக்கட்டளைப் பத்திரத்தில் கணவன், மனைவி, மகன் மூவரும் மட்டும் அறங்காவலர்களாக இருந்தால், வெளியிலிருந்து குறைந்தது இருவரைச் சேர்ப்பதற்கு வழக்கறிஞரைப் பாருங்கள். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சபையானால், ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் கடமை ஏற்கெனவே உண்டு. அதே கணக்கைச் சபையாருக்கு வாசித்துக் காட்டுவதில் கூடுதல் உழைப்பு ஒன்றும் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தாழ்மை என்ற பெயரில் பாஸ்டரை வறுமையில் வைத்திருக்கும் சபைகளும் நம் பகுதியில் இருக்கின்றன. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று 1 தீமோத்தேயு 5 சொல்கிறது. சம்பளத்தை அவர் தாமாக எடுத்துக்கொள்ளும்படி விடாமலும், கேட்டுக் கெஞ்சும்படி வைக்காமலும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் வீட்டு வாடகையையும் கணக்கில் கொண்டு குழு நிர்ணயித்து மாதந்தோறும் தேதி தவறாமல் கொடுக்க வேண்டும்.

"வேண்டாம்" என்று சொல்ல ஒருவர்

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான் என்பது என் அனுபவம். நம் சபைகளில் ஒரு வசனம் கேள்விகளை அடக்கும் கம்பாகப் பயன்படுகிறது: அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே. 105-ஆம் சங்கீதத்தில் அது யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்ற கொஞ்சப்பேர் பரதேசிகளாய் ஜாதிக்கு ஜாதி அலைந்தபோது, அவர்களை ஒடுக்கக்கூடிய ராஜாக்களைக் கடிந்து தேவன் சொன்னது அது. வலியவர்களிடமிருந்து எளியவர்களைக் காத்த வார்த்தையை எடுத்து, மேடையில் இருப்பவரைக் கீழே இருப்பவரின் கேள்வியிலிருந்து காக்கப் பயன்படுத்துவது வசனத்தைத் தலைகீழாக்குவதாகும். அபிஷேகம்பண்ணப்பட்ட ராஜாவாகிய தாவீதின் பாவத்தைச் சுட்டி, அவன் முகத்துக்கு நேரே தீர்க்கதரிசியாகிய நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்றான். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதிச் சகோதரரோடு சாப்பிடுவதை விட்டு விலகியபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கேட்டதைக் கலாத்தியர் 2 மறைக்காமல் பதிவு செய்திருக்கிறது. அப்போஸ்தலனைக் கேட்கலாமென்றால் ஆலயக் குழுச் செயலரைக் கேட்கக் கூடாதா?

இதற்கான ஏற்பாடு மூன்று இடங்களில் தேவை. குழுக் கூட்டத்தில் யார் ஒரு தீர்மானத்தை எதிர்த்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். "ஏகமனதாக" என்ற சொல் ஒவ்வொரு பக்கத்திலும் வருகிற குறிப்பேட்டைக் கண்டால் எனக்குக் கவலையே வரும். இரண்டாவதாக, உங்களுக்குக் கீழே சம்பளமோ சலுகையோ பெறாத, உங்கள் ஊர்க்காரரோ உறவினரோ அல்லாத ஒருவரிடம், முடிந்தால் வயதில் மூத்த ஒரு பெண்மணியிடம், "நான் தவறினால் என்னிடம் நேராகச் சொல்லுங்கள், நான் கேட்காவிட்டால் குழுவிடம் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டு, அப்படிக் கேட்டுக்கொண்டதைச் சபைக்கும் அறிவியுங்கள். பெண்கள் தங்கள் குறையை ஆண்களே நிறைந்த குழுவில் வந்து சொல்லத் தயங்குவார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். மூன்றாவது, குற்றச்சாட்டு எழும்போது 1 தீமோத்தேயு 5:19, 20 சொல்லும் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்: இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பர்மேல் பழி ஏற்கக் கூடாது, பாவம் நிரூபணமானால் மூடி மறைக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ தீங்கு நடந்ததாகப் புகார் வந்தால் அது குழு விசாரித்து முடிக்கும் விஷயமல்ல, காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய விஷயம்.

இன்னொன்றும் உண்டு. புதன்கிழமை உங்களிடம் வாதாடியவரை ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்திலிருந்து சாடை பேசாதீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும் யாரைச் சொல்கிறீர்கள் என்று முன்வரிசைக்குத் தெரியும். அவருக்கோ எழுந்து பதில் சொல்ல வழியில்லை. பதில் சொல்ல முடியாத இடத்தில் ஒருவரை அடிப்பது, பேதுரு எச்சரித்த இறுமாப்பான ஆளுகைக்கு மிகத் தெளிவான உதாரணம்.

தாழ்மை என்றால் சத்தம்போடுகிறவர்களுக்கெல்லாம் விட்டுக்கொடுப்பது என்று யாரும் எண்ண வேண்டாம். பூமியிலுள்ள சகல மனிதரிலும் சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12 சொல்லும் மோசே, பார்வோன் முன்பாக நின்றவன். பொன் கன்றுக்குட்டியைச் சுட்டெரித்தவன். உடன்பிறந்தவர்களான மிரியாமும் ஆரோனும் தனக்கு விரோதமாகப் பேசியபோதுதான் அவன் தனக்காக வாதாடவில்லை. தண்டிக்கப்பட்ட மிரியாமுக்காக ஜெபித்தான். தன் மரியாதைக்காகச் சண்டை போடாமல் ஜனத்தின் நன்மைக்காக உறுதியாய் நிற்பதை அவனிடம் கற்கலாம்.

இருக்கை, சால்வை, நேரம்

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா காலை ஆராதனைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் பாதி முடிந்திருக்கும். அலுமினிய அன்னக்கூடையைச் செருப்பு விடும் இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, மீன்வாடை பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவாகுமோ என்று கடைசிப் பாயின் ஓரத்தில் உட்காருவார். அதே நேரத்தில் அரசியல் கட்சியின் வட்டச் செயலாளர் ஒருவர் வந்தால் பாட்டு நடுவிலேயே நாற்காலி முன்னே வரும், சால்வையும் வரும். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவனை நல்ல இடத்தில் உட்காரவைத்து, கந்தையான வஸ்திரம் தரித்தவனைப் பாதபடியண்டையில் உட்காரச் சொல்வதைக் குறித்து யாக்கோபு 2-இல் எழுதியிருப்பதை இதைவிட நேராகச் சபையில் காட்ட முடியாது.

செய்ய வேண்டியவை எளியவை. மெத்தை வைத்த நாற்காலிகள் இருந்தால் முதியவர்களுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் கொடுங்கள். ஆராதனையில் சால்வை போடும் வழக்கத்தைத் தீர்மானம் போட்டு நிறுத்துங்கள்; ஒருவருக்கு மட்டும் மறுத்தால் பகையாகும், விதியாக்கினால் யாருக்கும் வருத்தமில்லை. கன்வென்ஷன் பேனரில் பிரசங்கியாரின் படம் ஆளுயரத்துக்கு வேண்டாம். தேதி, நேரம், இடம், வசனம் போதும். ஞாயிறு காலைதான் காசிமேட்டு மீன் சந்தையில் கூட்டம் அலைமோதும் நேரம். உங்கள் சபையில் மீன் விற்பவர்கள் இருந்தால், அவர்கள் வரவில்லையே என்று குறைசொல்வதை விட்டு, மாலையில் ஓர் ஆராதனை வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், அந்த மாதங்களில் கட்டட நிதி, விசேஷச் சந்தா எதையும் தொடங்காதீர்கள். சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் விடுபடும் ஆலயங்களில் இது வெறும் பண விஷயமாக நிற்பதில்லை. ஏழையின் குரலே தேர்தலில் இல்லாமல் போகிறது. பாக்கிக்காரர்களின் பெயரை அறிவிப்பில் வாசிக்கும் பழக்கம் எங்காவது இருந்தால் அதை இந்த வாரமே விட்டுவிடுங்கள்.

தேர்தலில் சாதிக்காரர், சொந்த ஊர்க்காரர் என்று அணி சேர்ப்பதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அது தவறு என்று செய்பவர்களுக்கே தெரியும். அப்படிக் கிடைக்கும் பதவியை ஏற்காதீர்கள்.

குறைபட்டவர்களிடமே பொறுப்பு

அப்போஸ்தலர் 6-இல், அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், தங்கள் விதவைகள் கைவிடப்பட்டதாகக் கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையிடமே சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களின் பக்கத்து ஆட்களிடமே பந்தியின் பொறுப்பு போயிற்று என்று இதிலிருந்து நியாயமாக ஊகிக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வட சென்னைத் தெருக்களில் தேங்கி, எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்து படகுகளையும் வலைகளையும் பாழாக்கிய நாள்களைப் போன்ற ஒரு நெருக்கடி இனியும் வரும். அப்போது நிவாரணப் பட்டியலை ஆலய அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதாதீர்கள். தண்ணீர் நின்ற தெருவிலிருந்தே இரண்டு பெண்களை அழைத்து, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களை எழுதச் சொல்லுங்கள். பிரித்துக் கொடுப்பதும் அவர்களாகவே இருக்கட்டும். அரிசிப் பை வாங்குகிறவரை உங்களோடு நிற்கவைத்துப் படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளருக்குக் கணக்கு வேண்டுமென்றால் ரசீதுகளையும் மூட்டைகளையும் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

விட்டுப்போவது

சாமுவேல் முதிர்வயதில் ஜனங்கள் முன் நின்று, "நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்?" என்று கேட்டு, தன் கணக்கைத் தானே வெளியில் வைத்தார். அவரே தம் குமாரரை நியாயாதிபதிகளாக வைத்ததும், அவர்கள் பரிதானம் (லஞ்சம்) வாங்கியதும் நான்கு அதிகாரங்களுக்கு முன்னே எழுதியிருக்கிறது. மாசற்ற தலைவருக்கும் தம் பிள்ளைகள் விஷயத்தில் கண் மங்கிவிடும் என்பதற்காகவே அந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மோசே தன் குமாரரைக் கேட்கவில்லை. ஜனத்துக்கு ஒரு மேய்ப்பனை ஏற்படுத்தும்படி கர்த்தரைக் கேட்டு, யோசுவாவின்மேல் சபை முழுவதும் பார்க்கக் கைகளை வைத்தான்.

நீங்களும் பொறுப்பேற்ற முதல் ஆண்டிலேயே அடுத்தவரைப் பழக்கத் தொடங்குங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வேறொருவர் பிரசங்கிக்கட்டும். அன்று நீங்கள் வெளியூர் போகாமல் சபையில் உட்கார்ந்து கேளுங்கள். பதவிக்காலம் முடிந்ததும் தொடர்ந்து மூன்றாம் முறை நிற்காதீர்கள். விதி இடம் கொடுத்தாலும் நிற்காதீர்கள். ஒப்படைப்பை ஒரு வாரத்துக்குள் முடியுங்கள். பீரோ சாவி, வங்கிப் புத்தகம், காசோலைப் புத்தகம், ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள், பட்டா நகல், மின் இணைப்பு எண், வாட்ஸப் குழுவின் நிர்வாகி உரிமை, யூடியூப் சேனலின் கடவுச்சொல் ஆகிய எல்லாவற்றையும் பட்டியலிட்டு, கொடுப்பவரும் பெறுபவரும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். அதன்பின் ஆறு மாதத்துக்குப் புதிய குழு கேட்டாலொழிய நீங்களாகப் போன் செய்து ஆலோசனை சொல்லாதீர்கள். சபையார் யாராவது பழைய பழக்கத்தில் உங்களிடம் குறை கொண்டுவந்தால், புதிய செயலரின் எண்ணைக் கொடுத்து அவரிடம் அனுப்பிவிடுங்கள்.